இரண்டு குழுவிலும் நான்

எனக்கு மைலோமா, லுக்கேமியா என்று இரண்டு ரத்தப் புற்றுநோய்கள். ஒன்றுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றது தெரியவந்தது. தாராவியில் எங்கள் சாலில், ஒட்டி ஒட்டி இருக்கும் வரிசை வீடுகளில், யாரிடம் சொன்னாலும் அழுதுவிடுகிறார்கள். அதனால் இரண்டு நோய்க்கும் தனித்தனியாக இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தேன்.

போன மாதம் மைலோமாவுக்காக எலும்புக்கு ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தது. மைலோமா குழுவில் கேட்டேன். செம்பூரில் இருக்கும் ஓர் அக்கா உடனே பேசி அனுப்பினார்: "அந்த ஊசி போட்டா காய்ச்சல் வரும்மா. எனக்கும் வந்துச்சு. பாராசிட்டமால் போட்டுட்டுப் படு, சரியாயிரும்."

அவருக்கு அது சரிதான். எனக்கு லுக்கேமியாவும் இருப்பதை, மிரண்டுவிடுவார்களோ என்று அந்தக் குழுவில் நான் சொன்னதே இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. தோல் பட்டறையிலிருந்து ஓடிவந்த என் கணவர், "ஏட்டி, கண்ணத் தொற. டாக்ஸி நிக்கி" என்று தூக்கிக்கொண்டு போனார். ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடும் லுக்கேமியாவை வைத்துக்கொண்டு காய்ச்சலோடு வீட்டில் படுப்பார்களா என்று டாக்டர் ஹிந்தியில் சத்தம் போட்டார். எப்படியோ பிழைத்தேன்.

இப்போது காய்ச்சல் என்றால் முதல் போன் ஆஸ்பத்திரிக்குத்தான். குழுக்களில் எதைக் கேட்டாலும் இரண்டு நோயையும் சொல்லிவிட்டே கேட்கிறேன். "ரெண்டும் சேர்ந்தா எப்படின்னு எனக்குத் தெரியலையேம்மா" என்கிறார் செம்பூர் அக்கா. லுக்கேமியா குழுவிலும் அதே பதில்தான்.

இரண்டும் உள்ள ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னொருவருக்கும் இப்படி இருக்கட்டும் என்று நினைப்பது பாவம். ஆனாலும் தேடுகிறேன்.