முள்ளு காட்டின கால் தாங்கி

தாங்கியில கிடக்கிற பெற்றோலை அளக்கிற மீட்டர் திருத்துறவனை, முள்ளு சரியாக் காட்டுற மட்டும் ஒருத்தரும் நினைக்கமாட்டினம். ஒருநாள் பிழைச்சால் போதும், திருகோணமலை முழுக்க அவன்ர பேர்தான். இந்தச் சனியன் பிடிச்ச தொழிலில கிடந்து உழலுற சகோதரங்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காதால் அளக்கிறவர்

கிண்ணியா மஜீது நானாவின்ர லாஞ்சு மீட்டரை ரெண்டு நாள் மினக்கெட்டுத் திருத்திக் குடுத்தனான். மனுசன் முள்ளைப் பாக்கவேயில்லை. குனிஞ்சு, தாங்கியை விரலால் தட்டித் தட்டிக் காது குடுத்துக் கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பிறகேன் என்னட்டக் கொண்டு வந்தனீங்கள்?" எண்டு கேட்டன்.

"மீட்டர் வடிவுக்குத் தம்பி. தட்டிப் பாக்கிறது வீட்ட போய்ச் சேர்றதுக்கு."

முற்றத்தில் ஒரு பிளேன்

லிங்கநகர் பேதுரு அண்ணை துறைமுகத்தில எஞ்சின் வேலை. ஆறு வருசமா வீட்டு முற்றத்தில தனி ஆளா நிண்டு ஒரு சின்னப் பிளேன் கட்டினவர். அனுமதி எடுக்கிறதுக்குள்ள தலைமயிர் பாதி கொட்டிப்போச்சு. எல்லாம் முடிஞ்சு, பழைய லொறி மீட்டர் ஒண்டைத் தூக்கிக்கொண்டு என்னட்ட வந்தார். பறக்கேக்க தாங்கியைத் தட்டிப் பாக்க ஏலாது; முள்ளை நம்பித்தான் பறக்கவேணும்.

நான் போன அண்டைக்கு அவற்ற மனுசி திரேசம்மா அக்கா குசினியில இருந்து தேத்தண்ணி கொண்டந்து தந்தா. குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"இது பறக்குதோ இல்லையோ எனக்குக் கவலையில்லை. இந்த மனுசன் உயிரோட இறங்கவேணும், தம்பி. அதை மட்டும் பாத்துச் செய்."

கலன் கலனாய்

வெறுந்தாங்கியில ஒவ்வொரு கலனா ஊத்தி, முள்ளு நிக்கிற இடத்தில ஒவ்வொரு கோடு போட்டன். லாஞ்செண்டால் துறையில கட்டி நிக்கிற நிலையிலதான் கோடு போடுவம். அந்தப் பழக்கத்தில பிளேனுக்கும் அது நிக்கிற நிலையிலயே போட்டிட்டன். அதுவோ மூக்கை நிமித்தி, வாலை நிலத்தில வைச்சுக்கொண்டு நிண்டது. வாலைத் தூக்கி ஒரு பீப்பாவில வைப்பமெண்டு எனக்கும் தோன்றேல்லை, அவருக்கும் தோன்றேல்லை. ரெண்டு பேரும் படகுக்காரர்.

அண்ணை என்ர முதுகில தட்டினார். "இந்தத் துறைமுகத்தில இப்பிடி ஒரு மீட்டர் ஒருத்தனிட்டையும் இல்லையடா!"

மூன்றாவது பறப்பு

இலங்கைத்துறைக்கு நேரே எஞ்சின் நிண்டுபோச்சு. முள்ளு அப்பவும் கால் தாங்கி காட்டிக்கொண்டிருந்ததாம். பிளேன் கடலில விழுந்தது. மீன்பிடிகாரர்தான் அண்ணையை இழுத்துக் கரை சேர்த்தவை. பிளேனை அலை விறகாக்கிப் போட்டுது. ஆஸ்பத்திரியில வலது காலை எடுத்தாச்சு.

விசயம் எனக்கு அடுத்த நாள்தான் விளங்கினது. மேல போனதும் வால் நிமிரும். பின்னுக்குக் கிடந்த பெற்றோல் முன்னுக்கு ஓடும். முள்ளை ஆட்டுற மிதவை இருந்ததும் முன்னுக்குத்தான். அடியில கிடந்த கொஞ்சப் பெற்றோல் அந்த மிதவையைத் தூக்கி வைச்சுக் கால் தாங்கியெண்டு காட்டியிருக்கு. ஒரு பீப்பா! ஒரே ஒரு வெறும் பீப்பா! ஆஸ்பத்திரி வாசலில அக்காட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதன். அவ அழேல்லை.

"நான் கேட்டதை அப்பிடியே செய்திட்டாய், தம்பி. உயிரை மட்டும் இறக்கித் தந்திட்டாய்."

கடைசி வாடிக்கை

பிறகு ஆர் வருவினம்? மஜீது நானா ஒருத்தர்தான் வந்தார். பரிதாபப்பட்டு வந்தாரெண்டு நினைச்சு, கதிரையை இழுத்துப் போட்டன். மனுசன் இருக்கவுமில்லை.

"லாஞ்சில நீங்க பூட்டின அந்த மீட்டரக் கழட்டிப்போட்டு, அதே ஓட்டையில ஒரு மணிக்கூடு பூட்டித் தாங்க தம்பி. அது நேரத்தையாவது சரியாக் காட்டும்."

பூட்டிக் குடுத்தன்; இவ்வளவு வருசத் தொழிலில முள்ளைப் பற்றி முறைப்பாடே வராத வேலை அது ஒண்டுதான்.