விரால் இல்லாத குட்டை

எங்கள் வீட்டுப் பின்புறக் குட்டையில் இருந்த விராலைத் தூக்கிப்போய் ஏரியில் விட்டவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நல்ல காரியம் செய்கிறேன் என்பதில் துளியும் சந்தேகமில்லை.

சித்தப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனிக்கு ஷிப்ட் போய்வந்தார். செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கவே, ஜிலேபி மீன் குஞ்சுகளை வாங்கி விட்டார். அந்த வைகாசியில்தான் அத்தைக்குக் கல்யாணம். தலைப்பொங்கலுக்கு மாப்பிள்ளை வரும்போது, காணும் பொங்கலன்று உள்ளங்கை அகல மீனாகப் பிடித்துப் போடுவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

ஜிலேபிகள் குஞ்சு பொரித்ததும் ஒரு விராலையும் கொண்டுவந்து விட்டார். அது அந்தக் குஞ்சுகளை விழுங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். வாய் திறப்பதே அபூர்வமான நான், ஓடிப்போய்ச் சொன்னேன்.

"துன்னட்டும் பாப்பா. சூப்பர்வைசர் இல்லாம எந்த லைன் ஓடுது?" என்று சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

குஞ்சுகள் குறைந்தால்தான் மிஞ்சியவை பெரிதாக வளரும் என்பது அவர் கணக்கு. அதை விளக்க அவருக்கு நேரமில்லை. மறுபடி கேட்க எனக்குத் துணிவில்லை.

ஆடியில் தண்ணீர் முழங்காலளவு வற்றியது. எல்லோரும் தூங்கிய ஒரு மத்தியானம் இறங்கி, விராலின்மேல் கூடையைக் கவிழ்த்து அமுக்கினேன். பிடித்துக் குடத்தில் போட்டதும் அது துள்ளியது. கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டேன்.

அதன்பின் பார்க்க வேண்டுமே! ஐப்பசி மழை ஓய்ந்தபோது, எங்கே கையை விட்டாலும் மீன். தினமும் மாட்டுத் தவிட்டில் இரண்டு கை திருடிப் போட்டேன். சித்தப்பாவைவிட எனக்குத்தான் மீன் வளர்க்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

காணும் பொங்கல் காலையில், மாப்பிள்ளை கரையில் நிற்க, சித்தப்பா வலை வீசினார். தூக்க முடியாத கனம். முகமெல்லாம் சிரிப்பாக இழுத்துக் கொட்டினார். எல்லாம் விரல் நீளம். ஒன்றுகூட அதற்குமேல் இல்லை.

"இன்னா மச்சான், அங்கன்வாடியயே தூக்கினு வந்துட்டீங்க?" என்றார் மாப்பிள்ளை.

அத்தைகூடச் சிரித்துவிட்டாள். சித்தப்பா மூன்று முறை வீசினார். "உள்ள ஒரு விரால் இருந்துச்சு மாப்ள. எவனோ புட்சிகினு பூட்டான்" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அம்மா அவசரமாகக் கோழி வாங்கிவரச் சொன்னாள். லீவு போட்டிருந்த சித்தப்பா, சாப்பிடாமலே ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் கதவோரம் நின்றேன். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது, ஆனால் விராலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை. மீன்களுக்குத் தீனி போதவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் குட்டைக்குப் போனேன். மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்துக்கு அந்தத் தண்ணீரில் மூச்சுக்காற்று போதவில்லை; நான் போட்ட தவிடு அழுகி, இருந்ததையும் குறைத்திருந்தது. என்னைக் கண்டு சாப்பாடு கேட்கின்றன என்றே நினைத்தேன். வீட்டுக்கு ஓடி, இருந்த தவிடு முழுவதையும் கொண்டுவந்து கொட்டினேன்.