தகரக் கூரையின் கீழ் ஓர் உரை

போன ஞாயிற்றுக்கிழமை, ரெம்பாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றுக்குப் பெண் கேட்கப் போனோம். மாப்பிள்ளை நானில்லை — நண்பன் சுரேன். சுங்கை காடுட் டவுனில் ஃபேக்டரி வேலை. மந்தினில் இருக்கும் நான் எதற்கு? பேசுவதற்கு.

பெண் கேட்கப் போனால், நாலு வார்த்தை நன்றாகப் பேசுகிற ஆளைக் கூட்டிப்போவது நம் பக்கத்து வழக்கம். முதல் தடவை சுரேனும் அவன் அப்பாவும் மட்டும் போய், சுற்றி வளைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். பெண் யமுனாவின் அப்பா லாரி ஓட்டுபவர். "யோசிச்சு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். இன்னொரு 'யோசிச்சு' வந்தால் யமுனாவுக்கு வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அதனால்தான் நான். யூனிவர்சிட்டி விவாத மேடையில் கோப்பை வாங்கியவன் அல்லவா?

அவர்கள் வீட்டுக் கூடத்தில் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். "மதிப்பிற்குரிய எதிரணியினரே..."

வாய்ப் பழக்கம். என்ன செய்ய?

யமுனாவின் அத்தை நிமிர்ந்தார். "எதிரணியா? ஏன் தம்பி, சண்டைக்கா வந்திருக்கீங்க?"

சமாளிக்க மூச்சு இழுத்தேன். அதற்குள் மழை. ரப்பர் மரங்களைத் தாண்டி வந்து தகரக் கூரையில் கொட்டியது. என் உதடு அசைவது தெரிந்தது. சத்தம் எனக்கே கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வாசல் முழுக்க வெள்ளையாய் மழை. பாதித் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம்... இதே வீட்டு வரிசையில் எத்தனை விதமாய்ப் பேசியிருப்பார்கள்? கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி முன்னால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெல்லப் பேசுவதுதான் ஒரு காலத்தில் மரியாதை. பிறகு கோயில் திடலுக்கு மைக் வந்தது. அடுக்குமொழியில் முழங்கினால்தான் பேச்சு. எங்கள் காலத்து விவாத மேடையில் பாயிண்ட், நேரக் கணக்கு, மணி. இப்போது வருகிற பிள்ளைகளோ, 'சும்மா இயல்பா பேசுலா' என்கிறார்கள். அந்தந்தக் காலத்துக்கு அதது சரியான பேச்சாகவே தோன்றியிருக்கும், இல்லையா?

மழை தணிந்தது. யமுனாவின் அப்பா சுரேனைப் பார்த்தார். "இந்தத் தம்பி என்னமோ சொல்ல வந்துச்சு. நீ என்ன சொல்ற?"

சுரேன் நாற்காலி நுனிக்கு வந்தான். "யமுனாவ எனக்குப் புடிச்சிருக்கு மாமா. அதுக்கும் என்னப் புடிச்சிருக்கு. நீங்க சரின்னு சொல்லணும்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இதச் சொல்லவா மந்தின்லேர்ந்து ஆளக் கூட்டிட்டு வந்த?" சிரித்துவிட்டார் மனிதர். "சரி, தட்டு மாத்த நாள் பாருங்கலா."

கல்யாணத்தில் நன்றியுரை எனக்குத்தானாம். அன்றைக்கும் மழை வர வேண்டிக்கொள்ளுங்கள்.