மேல் தாளில் எச்சில்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் உங்கள் வீட்டுப் பிரிண்டரின் ட்ரேயை இழுத்து, மேல் தாளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள். இது எனக்கே நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், சுடுகாடு வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பளிச்சென்ற டியூப் லைட் வெளிச்சத்தில், என் சொந்த அக்காவின் பிரிண்ட் கடையில் நடந்தது.

நான் பிரிண்டர் மெக்கானிக். பிரிண்டருக்குள் மனிதர்கள் சேர்த்து வைக்கிற அசிங்கத்தை எல்லாம் பார்த்தவன். கரப்பான் முட்டை, தலைமுடிச் சுருள், வெட்டிப் போட்ட நகம், டீயைக் கொட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்த பிசுக்கு... எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேராகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியாது. நாக்கில் விரலை வைத்து, அந்த எச்சிலைத் தொட்டுத் தாள் எடுக்கிறவர்கள். படித்தவர்களும் செய்கிறார்கள், பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களும் செய்கிறார்கள். செய்துவிட்டு அந்தத் தாளை நம்மிடமே நீட்டுவார்கள். நாமும் ஈ என்று இளித்துக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தூ!

மாமா இறந்த பிறகு அக்கா தனியாளாகத் தொடங்கிய கடை அது. ஒரு வருடமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கத்துத் தெரு டியூஷன் சென்டர் தன் பாடப் புத்தகங்களை அச்சடிக்கக் கொடுத்தது. திங்கள் காலை கொடுத்துவிட்டால் வருடம் பூராவும் அவர்கள் வேலை அக்காவுக்குத்தான். கொடுக்காவிட்டால் கடையை மூடிவிட வேண்டியதுதான், வேறு வழி இல்லை. இந்த வேலைக்காகவே பெரிய லேசர் பிரிண்டர் ஒன்றைப் பழைய மெஷின் வியாபாரியிடம் வாங்கிப் போட்டிருந்தாள்.

அன்று மதியம் போன் செய்தாள். அழுகிற குரல்.

"தாள் சிக்கிக்கிட்டே இருக்குடா. பாதிகூட முடியல."

நான் போனபோது மணி இரண்டரை. கட்டடத்தில் மற்ற கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தரை முழுக்கக் கசங்கிய தாள்களுக்கு நடுவே நின்றிருந்தாள்.

லேசர் பிரிண்டருக்கு ஈரம் ஆகவே ஆகாது. அது தாளில் கரும்பொடியைப் படியவைத்து, சூட்டில் உருக்கி ஒட்டுகிறது. ஈரத் தாள் உள்ளே போனால் சுருளும், சிக்கும். அதனால் முதலில் தாளைத்தான் பார்த்தேன். முன்பக்கம் திறந்திருந்த ட்ரேயில் அரை ரீம் இருந்தது. மேல் தாளின் வலது மூலையில் ஈரம். கட்டை விரல் அளவு. என்ன ஈரம் என்று முகர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நாலு நாள் பல் துலக்காத வாய் நாற்றம்.

"எச்சில் தொட்டியாக்கா?"

"சீ! உன் தலைமேல சத்தியமா இல்லடா. நீ வாங்கிக் கொடுத்த ஸ்பாஞ்சுலதான் தொடுறேன்."

"வேற யாரு இருந்தா?"

"நான் ஒருத்திதான்டா. வேற யாரு வருவா?"

நான் நம்பவில்லை. அவசரத்தில் அவளும் நக்கியிருப்பாள் என்றே நினைத்தேன். அக்கா என்பதால் திட்டவில்லை, முகத்தை மட்டும் சுளித்தேன். புது ரீம் ஒன்றின் உறையை நானே கிழித்தேன். ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தேன், மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. வைத்து ஓடவிட்டேன். அக்கா தள்ளி நின்று, அடித்த தாள்களை இரண்டு கையாலும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு நின்றது. சிக்கிய தாளை உருவினேன்.

ஈரம். இந்த முறை நூல் இழுத்தது.

அக்காவின் கை ட்ரே பக்கமே வரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ரோலரில்தான் ஏதோ கசிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கிற ரப்பர் உருளை அது. அது வழுக்கினால் தாள் நகராது. கழற்றித் துடைப்பது எளிது, இரண்டு பக்கமும் அமுக்கினால் கையோடு வந்துவிடும். அமுக்கி எடுத்தேன்.

கொழகொழவென்று இருந்தது. ரப்பரின் மேல் நுரை. நுரைக்குள் மென்ற சாப்பாட்டுத் துணுக்கு ஒன்று. அதன் பக்கத்தில் வெள்ளையாக, மெல்லிசாக ஏதோ ஒட்டியிருந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன். வெடித்த உதட்டிலிருந்து உரிந்த தோல். எல்லாவற்றையும்விட என்னைக் கலக்கியது, அது வெதுவெதுப்பாக இருந்ததுதான்.

ரோலரோடு பின்பக்கம் ஓடினேன். குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தேன். ரோலரைத் தண்ணீரில் காட்டித் தேய்த்துக்கொண்டிருந்தபோது முன்னால் சத்தம் கேட்டது.

சர்ர்ர்... டக். சர்ர்ர்... டக்.

பிரிண்டர் ஓடுகிற சத்தம்.

"சரியாயிடுச்சுடா!" அக்கா கத்தினாள்.

ரோலர் என் கையில் இருந்தது.

மெதுவாக முன்னால் வந்தேன். மணி மூன்று பத்து. ட்ரேயைப் பார்த்தேன்.

ப்ச்...

மேல் தாளின் மூலை தானாக எழும்பியது. ஈர வட்டம் ஒன்று அதில் விழுந்தது. தாள் உள்ளே போனது.

ப்ச்...

அடுத்த தாள்.

தாள்களை வெளியே பிடுங்கிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ட்ரேக்குள் கையை விட்டேன்.

என் கட்டை விரலில் ஏதோ பட்டது.

ஈரமாக.

சூடாக... சொரசொரப்பாக...

நாக்கு.

அது என் விரலை அடியிலிருந்து நுனி வரை நக்கியது.

அலறிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் என் இன்னொரு கையில் இருந்த ரோலரைப் பார்த்தது. பிறகு ட்ரேயைப் பார்த்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"ஓடட்டும்டா," என்றாள்.

"அக்கா..."

"ஓடுதுல்ல? விடு."

ரோலர் குறுக்கே இல்லாததாலோ என்னவோ, ஒரு தாள்கூடச் சிக்கவில்லை. அக்கா வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரீம் ரீமாக வைத்தாள். நான் ஷட்டரோரம் உட்கார்ந்து, விரல் தோல் உரியும் வரை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். இருட்டுவதற்குள் எல்லாப் புத்தகமும் தயார். திங்கள் காலை சென்டரில் கொடுத்தாள், வருட வேலையும் கிடைத்தது. அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் தொட்டுப் புரட்டுவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு வாரம் பொறுத்து, ஒரு சாயங்காலம் அந்தப் பழைய மெஷின் வியாபாரியைத் தேடிப் போனேன். முதலில் மழுப்பினார். விடாமல் நச்சரித்த பிறகு வாயைத் திறந்தார்.

"ஒரு ஆபீஸ்ல எடுத்தது சார். ரோலர் தேஞ்சு தாளே இழுக்காது. மாத்துங்கன்னு சொன்னா மேனேஜர் காதுலயே போட்டுக்கல. அங்க வேலை பார்த்த ஒரு அம்மா எச்சி தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு தாளா கையாலயே உள்ள தள்ளுவாங்களாம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தனியா உட்கார்ந்து தள்ளிக்கிட்டு இருந்தப்பவே மாரடைப்பு. திங்கக்கிழமைதான் ஆளுங்க பார்த்திருக்காங்க."

"சரி..."

"வெள்ளிக்கிழமையே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. வேலையில பாதிகூட அப்ப முடிஞ்சிருக்காது சார். ஆனா திங்கக்கிழமை பார்த்தா, கடைசித் தாள் வரைக்கும் அடிச்சு அடுக்கியிருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உடம்பெல்லாம் ஊதி நாற ஆரம்பிச்சிடுச்சாம். உதடு, நாக்கு எல்லாம் காஞ்சு கருத்துக் கிடந்துச்சாம். கட்டை விரல் மட்டும்... எச்சி ஈரம் காயாம இருந்துச்சாம்."

தெருவுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எங்க இருக்க?"

"வீட்டுலதான்டா. ஏன்?"

"கடை?"

"பூட்டிட்டு வந்துட்டேன். சென்டர்ல அடுத்த புத்தகம் கொடுத்துட்டாங்க. நாளைக்குக் காலையில வேணுமாம்."

"அக்கா, அப்ப யாரு பிரிண்ட் எடுக்கிறா?"

"ரீமெல்லாம் பிரிச்சுப் பக்கத்துல வெச்சிட்டு வந்திருக்கேன்டா. விடியறதுக்குள்ள முடிஞ்சிடும். நீ கவலைப்படாத." பிறகு, குரலில் ஒரு பரிவோடு சொன்னாள்: "ஒரு டம்ளர் தண்ணியும் வெச்சிருக்கேன். பாவம், நாக்கு வறண்டுடும்ல?"