இருபது நிமிட ‘வாரேன்’

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கோவை பீளமேட்டில் எங்கள் வீட்டு மாடி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். என் கணவரின் பழைய கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது. அவர் மாரடைப்பில் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதன் மேல் போட்டிருந்த துணியை அதுவரை நான் தொட்டதே இல்லை.

அவர் பம்புசெட் கம்பெனி ஒன்றில் டிராயிங் போடுகிறவர். வேலை விட்டு வந்தால் ஒரே ஒரு கேம்தான். அவருடைய காலேஜ் காலத்துச் சரக்கு. படமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பூதங்கள் நிறைந்த பாதாளக் குகைக்குள் அடுக்கு அடுக்காக இறங்கிப் போகவேண்டும். எனக்கும் அந்தக் கேமுக்கும் ஏழாம் பொருத்தம். காரணம் சாப்பாடு. கீழேயிருந்து “ஏனுங்க, சோறு ஆறுதுங்க” என்று கூப்பிட்டால், “வாரேன் அம்மணி” என்று பதில் மட்டும் உடனே வரும். ஆள் வர இருபது நிமிடம் ஆகும்.

“உங்க வாரேனை நம்புனா ரசம் ஊசிப்போகுமுங்க” என்று திட்டுவேன். சிரிப்பார், அவ்வளவுதான். கடைசி சில மாதங்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

அன்று என்னவோ தோன்றி கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தக் கேமையும் திறந்தேன். அவர் விட்ட இடத்திலேயே, ஒரு படிக்கட்டின் மேல், கையில் வாளோடு ஓர் உருவம் நின்றது. மேலே ஆங்கில எழுத்தில் அதன் பெயர்: அம்மணி. என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, என்னையேதான் இத்தனை வருடம் பூதங்களோடு சண்டைக்கு அனுப்பியிருக்கிறார் மனுஷன்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சும்மா இருந்திருக்கலாம். அம்புக்குறியைத் தட்டித் தட்டி வெகுதூரம் நடத்திவிட்டேன். ஒரு பூதம் வந்து அடித்ததில் உயிர்க்கோடு பாதியாகிவிட்டது. பதறிப்போய் மகளைக் கூப்பிட்டேன். காலேஜில் படிக்கிறாள், அப்பா விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

வந்ததும் தலையில் கை வைத்தாள். “ஏனுங்கம்மா நகத்துனீங்க? இது செத்துப்போச்சுன்னா அப்பா விளையாடுனது மொத்தமும் அழிஞ்சிருமுங்க. படிக்கட்டுக்குத் திரும்பிப் போனாத்தான் சேவ் பண்ண முடியும்.”

டிராயரைத் திறந்து ஒரு கிராஃப் தாளை எடுத்துக் கொடுத்தாள். பென்சிலில் அவர் அளவெடுத்துப் போட்ட குகையின் வரைபடம். ஓரமெல்லாம் குறிப்புகள். “இங்க போவாதீங்க, பாம்பு இருக்குதுங்க.” “இந்தப் பக்கமா வாங்க.” தனக்குத்தானே எழுதிக்கொண்டதில்கூட ‘ங்க’ போட்டிருக்கிறார்! அடுப்பில் குழம்பு கொதித்ததால் மகள் கீழே ஓடிவிட்டாள்.

அவர் வாங்க என்ற பக்கம் போனேன். போவாதீங்க என்ற இடத்தில் திரும்பினேன்.

“அம்மா, சோறு போட்டுட்டேன், வாங்க!” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“வாரேன் கண்ணு” என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கை அப்படியே நின்றுவிட்டது. இவ்வளவுதானா விஷயம்? நான் கூப்பிட்டபோதெல்லாம் அவருக்கும் படிக்கட்டு தூரத்தில் இருந்திருக்கிறது. ஒரு நாளாவது மாடி ஏறி, ஏனுங்க இவ்வளவு நேரம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை.

மயிரிழையில் உயிரை வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஏறி, சேவ் செய்துவிட்டு மாடியிலிருந்து இறங்கினேன். சோறு ஆறிப்போயிருந்தது. மகள் முறைத்தாள்.

இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் மாடியைப் பார்த்து “ஏனுங்க” என்று கூப்பிட வாய் வருகிறது. அந்த ஒரு “வாரேன்” மட்டும் கேட்டால் போதும், சோறு எத்தனை முறை ஆறினாலும் காத்திருப்பேன்.