கிணற்றுச் சந்தின் சுவர்

காலை 8.40. இரும்புலியூரில் வீட்டைப் பூட்டும்போதே, இன்னொரு சனிக்கிழமை போய்க்கொள்ளலாமா என்று மனசு நழுவப் பார்த்தது. அனகாபுத்தூர் அப்படியொன்றும் தொலைவில்லை. தாம்பரம் வரை ஆட்டோ, பல்லாவரம் வரை மின்சார ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆனால் நான் போவது ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, "உன் கணவரை ஏற்ற வந்த வண்டி வழி தவறியது என்னால்தான்" என்று சொல்ல. இரண்டு வாரமாக ஏதாவது ஒரு சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டிருந்தேன்.

பொத்தேரியில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஒரு தன்னார்வக் குழுவில் நானும் இருக்கிறேன். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருக்களையும் வீடுகளையும் கணினியில் வரைவோம். வெள்ளமோ காய்ச்சலோ வந்தால் செவிலியர்களும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் அந்த வரைபடத்தைக் கொண்டு வீடு தேடுவார்கள். அலுவலகம் விட்டு வந்து, ஃபேனுக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு, கால் வைக்காத ஊருக்கெல்லாம் தெரு போட்ட மகாராணி நான்.

அனகாபுத்தூரில் கிணற்றுச் சந்து என்ற குறுகிய தெருவை, பெரிய தெருவிலிருந்து ஆற்றோரத் தெரு வரை ஒரே கோடாக இழுத்திருந்தேன். படத்தில் அப்படித்தான் தெரிந்தது. டெங்கு பரவியபோது பகுதிக்காரர்களே ஏற்பாடு செய்திருந்த ஆம்புலன்ஸ், ஆற்றோரத் தெருவிலிருந்த ஒரு நோயாளியை ஏற்ற, அந்தக் கோட்டை நம்பி உள்ளே போனது. நடுவில் சுவர். திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே வெளியே வந்து, ஊரைச் சுற்றிப் போக இருபது நிமிடம் கூடுதலாகிவிட்டது. பெயின்டர் தேவராஜ், நாற்பத்திரண்டு வயது, மருத்துவமனை வாசலிலேயே இறந்துபோனார். அந்த இருபது நிமிடம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர்களாலேயே சொல்ல முடியவில்லை. எங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டையும் யார் போட்டது என்று பார்க்கலாம். குழுவில் செய்தி வந்த அன்று அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். என் பெயர் இருந்தது.

9.20. தாம்பரத்தில் டிக்கெட் ஐந்து ரூபாய். சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். உட்கார இடமிருந்தும் கதவோரமாகவே நின்றுகொண்டிருந்தேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். பம்மல் தாண்டியதும் ஓட்டுநர் கேட்டார்.

"எங்கக்கா எறங்கணும்?"

"கிணத்துச் சந்து. அந்தப் பக்கம் ஆத்தோரம் வரைக்கும் போகணும்."

"அந்தாண்ட போவ முடியாதுக்கா. நடுவுல செவுரு கீது."

"ரொம்ப நாளாவா?"

"நான் பொறந்ததுலேர்ந்து கீது."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, வரைந்தவளைத் தவிர.

10.15. சந்துக்குள் நூறடி நடந்ததும் சுவர் வந்தது. ஆள் உயரம், பாசி படிந்த செங்கல், மேலே யாரோ காயப்போட்ட போர்வை. மேலிருந்து எடுத்த படத்தில் கூரையெல்லாம் பளிச்சென்று தெரியும். சுவர் மெல்லிய இருட்டுக் கோடாக, பக்கத்து வீட்டு நிழல் மாதிரிதான் விழும். நிழல் என்றுதான் நானும் நினைத்தேன். சுவரில் கை வைத்தேன். அந்தப் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவ்வளவு பக்கம். அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. பிறகு திரும்பி, வண்டி சுற்றிய அதே வழியில் நடந்தேன்.

10.50. நான் வருவதை அந்தப் பகுதிச் செவிலியரிடம் முன்பே சொல்லியிருந்தேன். தேவராஜின் மனைவி ஸ்டெல்லா வாசலிலேயே நின்றிருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. இரண்டு வாரமாகப் போகவில்லையாம்.

"நர்ஸ் அக்கா சொன்னாங்க, மேப்புக்காரங்க வருவாங்கன்னு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "நான்தான் மேடம் டிரைவருக்கு லொகேஷன் அனுப்பினேன். ஆத்தோரமா வரச் சொல்லி வாயால சொல்லுடின்னாங்க அத்தை. மேப்பே இட்டாந்துரும்னு சொல்ட்டேன். அன்னிலேர்ந்து அத்தை என்னாண்ட பேசறதில்ல. நானும் அதையே நினைச்சுகினு கீறேன்."

அந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்த ஆசையும் வந்தது, பொய் சொல்வானேன்.

"ஸ்டெல்லா, நீங்க அனுப்பின இடம் சரிதான். வழிதான் தப்பு. அந்த வழியைப் போட்டது நான்."

அவள் என்னையே பார்த்தாள்.

"செவுரு தெரியலியா உங்களுக்கு?"

"தெரியல."

"ஒரு வாட்டி வந்து பாத்திருக்கலாமே மேடம்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்போ நான் பண்ணது தப்பு இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"உள்ள வந்து அத்தையாண்ட சொல்றீங்களா? எனக்குச் சொன்ன மாதிரியே."

உள்ளே அவள் மாமியார் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் முதுகைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னேன், வண்டி, சுவர், என் பெயர். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மருமகளிடம் மட்டும் சொன்னார்: "காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ. போய்த் துன்னு, போ."

ஸ்டெல்லா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். என்னை யாரும் திட்டவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்தேன்.

12.35. பல்லாவரத்திலிருந்து திரும்பும் ரயில். இரும்புலியூரில் எங்கள் தெருவிலிருந்து ஜிஎஸ்டி சாலைக்குப் போக மூன்று வழி இருக்கிறது. ஒன்று அடைபட்டாலும் வண்டி வந்துவிடும். அதை இதுவரை ஒரு பாக்கியமாக நினைத்ததே இல்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, சந்துக்கு நான் போட்ட கோட்டை நடுவில் வெட்டினேன், சுவரை வரைந்தேன். இரண்டு நிமிட வேலை. சேமிக்கும்போது, என்ன மாற்றினாய், எதை வைத்து மாற்றினாய் என்று ஒரு கட்டம் எப்போதும் கேட்கும். இத்தனை நாளும் "படத்தில் பார்த்தது" என்று போட்டுவிட்டுப் போவேன்.

"இங்கே சுவர் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன்" என்று எழுதினேன். கட்டத்தில் இன்னும் நிறைய இடம் இருந்தது. தாம்பரம் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.