யூரியா சாக்கில் அள்ளிய மண்

எங்கள் சித்தப்பா கஜபதி, பாரிவாக்கத்தில் எழுபது கொய்யா மரங்களுக்கு நடுவே இருபத்தைந்து வருடமாக இருக்கிறார். மரங்கள் ஓடிப்போகாததற்கு வேர் காரணம். சித்தப்பா ஓடிப்போகாததற்கு என் அப்பா காரணம்.

அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை கிடைத்ததும், ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துக்கொண்டிருந்த தம்பியைப் பாதியில் இழுத்து வந்து தோட்டத்தில் விட்டார்கள். இப்போது மூன்று பக்கமும் அடுக்குமாடி. ஆள் இல்லையென்றால் எவனாவது வேலியை நகர்த்திவிடுவான் என்று அப்பாவுக்குப் பயம். சித்தப்பா பெயருக்குத்தான் விவசாயி. உண்மையில் சம்பளமில்லாத வாட்ச்மேன்.

கூடப் படித்த யூசுப் திருமழிசையில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடை வைத்திருக்கிறார். "ஒண்ணாந்தேதிக்குள்ள வந்துடு மாமே. இல்லாங்காட்டி வேற ஆள் போட்டுக்குவேன்" என்று கூப்பிட்டார். சித்தப்பா அப்பாவிடம் போய் நின்றார்.

"இலையெல்லாம் செம்பு கலராயிக்கினு வருதுண்ணா. மண்ணுல சத்தே இல்ல. நான் இன்னும் எத்தினி நாளு இங்கியே கெடக்கறது?"

"மண்ணு செத்துப்போச்சின்னு லேப்ல எழுதிக் குடுக்கட்டும். அன்னிக்கே மரத்த வெட்டிட்டு காம்பவுண்டு போட்டுடறேன். நீ போய்க்கினே இரு."

மறுநாளே சித்தப்பா மண் எடுத்தார். தோட்டம் முழுக்க வளைந்து வளைந்து பத்து இடத்தில் எடுக்கச் சொல்லியிருந்தார்கள் மண் பரிசோதனை லேப்பில். இவர் உப்புப் பூத்த தென்மூலையிலேயே பத்துக் குழியும் போட்டார். இலையையும், பெண் பார்க்கப் போனவர் மாதிரி மரம் மரமாக நின்று, இருப்பதிலேயே மோசமானதாகப் பறித்தார். எல்லாம் சரியான கள்ளாட்டம். ஆனால் மண்ணை மட்டும், கைப்பழக்கத்தில், போன வாரம் காலியான யூரியா சாக்கில் அள்ளிப் போட்டுக் கலந்தார். சாக்கு மடிப்பில் வெள்ளை மணிகள் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. மாட்டிக்கொண்டு விழிப்பார், ஜாலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. அப்பா சத்தமாகப் படித்தார். மண்ணில் தழைச்சத்து மிக மிக அதிகம். உப்புக்கு ஜிப்சம் போட்டால் போதும். இலையில் துத்தநாகச் சத்து குறைவு. ஜிங்க் சல்பேட் தெளித்தால் தேறிவிடும்.

"செத்துப்போச்சின்னியே, இன்னாடா இது? இம்மாஞ்சத்து கீது! இலைக்கு சீக்கும் இல்ல, பசிதான். ரெண்டு வருசம் மருந்தடிச்சா சரியாப்பூடும். இருந்து பாத்துக்க."

சாக்கில் ஒட்டியிருந்த யூரியாதான் தழைச்சத்தாகக் காட்டியிருக்கிறது என்று சித்தப்பாவுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. சொல்லலாம். சொன்னால், எங்கே தோண்டினாய் என்று அடுத்த கேள்வி வரும். "சரிண்ணா" என்றார்.

அப்பா போனதும் பக்கத்தில் போனேன்.

"சித்தப்பா, சாக்குல யூரியா ஒட்டிக்கினு இருந்தத நான் பாத்தேன். வேற மண்ணு எடுத்துக் குடுத்துடலாமா?"

"நாளைக்கு ஒண்ணாந்தேதிடா." என் பக்கம் திரும்பினார். "அப்பவே சொல்லிருக்கலாம்ல?"

அறைந்திருந்தால் அழாமல் இருந்திருப்பேன்.

மறுநாள் காலை அவர் டிரம்மில் ஜிங்க் சல்பேட்டோடு சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக்கையைக் கைலியில் துடைத்துவிட்டு எடுத்தார்.

"மருந்து கலக்கிக்கினு கீறேன் மச்சான். நீ வேற ஆள் போட்டுக்க."

போனை வைத்துவிட்டு, சுண்ணாம்பு அடியில் தங்காமல் மறுபடி கலக்க ஆரம்பித்தார்.